காடி, சிர்க்கா, வினாகிரி: கொழும்பில் ஒரு புளிநீரின் சமூக வரலாறு

1

பண்பாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோயில்களையும் காவியங்களையும் அரசுகளையுமே மூலங்களாகக் கொள்வர். அடுக்களையில் ஒரு மூலையில் நிற்கும் போத்தலும் வரலாற்றுச் சான்றே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு பண்டம் எவ்வாறு உற்பத்தியாகிறது, எவர் உழைப்பில் உற்பத்தியாகிறது, எவர் கைக்குச் செல்கிறது, அதனைச் சூழ்ந்து எத்தகைய நம்பிக்கைகள் வளர்கின்றன என்னும் வினாக்களை எழுப்பும்போது, அன்றாடப் பொருளொன்று ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பையே காட்டித் தரவல்லதாகிறது.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் மத்தியதர வகுப்பினரிடையே, காலையில் வெறுவயிற்றில் ஒரு தேக்கரண்டி வினாகிரியை நீரிற் கலந்து பருகும் வழக்கம் இன்று பரவியுள்ளது. உடல் மெலியும், குருதியிற் சீனி குறையும், கொழுப்புக் கரையும், வயிறு சீராகும் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். பெரும்பாலும் இதற்கு விரும்பப்படுவது இறக்குமதி செய்யப்பட்ட அப்பிள் வினாகிரியாகும். இதனை நகைத்து ஒதுக்குதல் எளிது; நம்பிப் பின்பற்றுதலும் எளிது. இவ்விரண்டையும் விடுத்து, இந்நம்பிக்கை எந்தச் சமூக நிலைமைகளில் வேர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். புளித்த நீர்மத்தைக் குறிக்கக் கொழும்பின் தமிழ் பேசும் மக்களிடையே மூன்று சொற்கள் வழங்கிவந்துள்ளன. அவை காடி, சிர்க்கா, வினாகிரி என்பன. ஒவ்வொன்றும் வரலாற்றின் ஒவ்வொரு படிவத்தைச் சேர்ந்தது.

காடி என்பது பழந்தமிழ்ச் சொல். சோற்றையோ கஞ்சியையோ நீரில் இட்டுப் புளிக்கவைத்துப் பெறும் நீர்மமே அதன் அடிப்படைப் பொருளாகும். ‘காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி’ என்னும் பழமொழியை எடுத்துக்கொள்வோம். இங்குக் காடி மருந்தாகக் கூறப்படவில்லை; உணவின் கடைசிப் படியாகவே கூறப்படுகிறது. வேறொன்றும் இல்லாதவன் குடிப்பது காடி. அதனையும் பிறர் காணாவண்ணம் மூடிக் குடிக்க வேண்டும் என்பது மானங்காக்கும் அறிவுரை. வறுமையை மறைக்கும்படி வறியவனுக்கே புகட்டிய ஒரு சமுதாயத்தின் குரலை இப்பழமொழியிற் கேட்கலாம்.

சித்த மருத்துவத்திலும் காடிக்கு இடமுண்டு. ஆயின் அவ்விடம் யாதென்பது கவனிக்கத்தக்கது. உலோகச் சரக்குகளைச் சுத்தி செய்வதற்கும் மருந்துகளை ஊறவைப்பதற்கும் அரைப்பதற்கும் பயன்பட்ட துணைப்பொருளாகவே அது பெரும்பாலும் இடம்பெறுகிறது. நோயின் தன்மையும் நோயாளியின் உடல்நிலையும் அறிந்த வைத்தியன் தேர்ந்து கையாளும் பொருள் அது. யாவரும் நாள்தோறும் பருகவேண்டிய பொதுமருந்தாக அதனைக் காட்டுதல் அம்மரபுக்கே அயலானது. வேதியியல் நோக்கிலும் சோற்றுக் காடியும் வினாகிரியும் ஒன்றல்ல. முன்னதன் புளிப்புக்குப் பெரிதும் காரணம் இலற்றிக் அமிலம். பின்னதன் புளிப்புக்குக் காரணம் அசற்றிக் அமிலம். எனவே ‘எமது முன்னோர் காடி குடித்தனர், ஆதலால் வினாகிரி குடித்தல் எமது மரபே’ என்னும் வாதம் சொல்லொற்றுமையை மட்டுமே நம்பி நிற்கும் வாதமாகும்.

சிர்க்கா பாரசீக வழிவந்த சொல். இந்துமாக்கடல் வணிகத்தோடும் இசுலாமியப் பண்பாட்டோடும் தொடர்புடையது. வினாகிரி நல்லதொரு தொடுகறி என நபிகள் நாயகம் கூறியதாக நபிமொழி மரபு உண்டு. யுனானி மருத்துவத்தில் வினாகிரியும் தேனும் சேர்ந்த சிக்கஞ்சபீன் என்னும் பாகு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதன் மூலம் கிரேக்க மருத்துவத்தில் உள்ளது. இப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே தேனும் புளிநீரும் சேர்ந்த கலவை பேசப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி மருத்துவங்களையும் உள்ளடக்கியமையால் இம்மரபும் இலங்கையிற் சட்ட ஏற்புப் பெற்றதாகும்.

மூன்றாவது சொல்லே இன்று வழக்கில் வென்றுள்ளது. வினாகிரி என்பது போர்த்துக்கேய மொழியின் ‘வினாகிரே’ என்பதன் திரிபு. சிங்களத்திலும் இதுவே வழக்கு. தமிழகத்தார் ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘வினிகர்’ என்பர். நாம் வினாகிரி என்கிறோம். அலுமாரி, சப்பாத்து, பாண் போன்று இச்சொல்லும் கரையோர இலங்கை பட்ட அனுபவத்தின் அடையாளம். மேலும், கொட்டாஞ்சேனைக் கிறித்தவர்க்குக் காடி என்னும் சொல்லும் இன்னொரு வழியால் அறிமுகமானது. சிலுவையில் தொங்கிய இயேசுவுக்குக் கடற்காளானில் தோய்த்துக் கொடுக்கப்பட்ட புளிநீரை விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக் காடி என்றே குறிக்கிறது. உரோமப் போர்வீரர் அன்றாடம் அருந்திய மலிவான புளித்த திராட்சைநீரே அது என்பர் ஆய்வாளர். நற்றிராட்சை மது பிரபுக்களுக்கு, புளித்தது படைவீரனுக்கு. தமிழ்ப் பழமொழியின் காடியும் உரோம வீரனின் காடியும் வகுப்பு நிலையில் ஓரினமே.

3

போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் 1656இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் நெடுங்கடற் பயணத்தை நம்பி வாழ்ந்த வணிக வல்லரசுகள். இறைச்சியையும் காய்கறியையும் கெடாது வைத்திருத்தல் அக்கப்பல்களுக்கு வாழ்வா சாவா என்னும் பிரச்சினை. வினாகிரி அதற்குப் பயன்பட்டது. அக்காரணத்தால் அதற்கு நோய் தடுக்கும் ஆற்றலும் ஏற்றிச் சொல்லப்பட்டது. இறைச்சியை அழுகவிடாத பொருள் உடலையும் அழுகவிடாது என்பது அக்கால ஒப்புமைச் சிந்தனை.

இந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளான நிகழ்ச்சி மருத்துவ வரலாற்றிற் புகழ்பெற்றது. 1747ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘சோல்சுபரி’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் சத்திரசிகிச்சையாளராக இருந்த யேம்சு லிண்ட், கேவி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு மும்முறை இரு கரண்டி வினாகிரி. ஒரு பிரிவுக்குத் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும். ஒரு பிரிவுக்குப் புளிக்கவைத்த அப்பிள் மதுவாகிய சைடர். ஏனையோர்க்கு வேறு வேறு பொருள்கள். பழம் உண்டவர் விரைந்து தேறினர். சைடர் பருகியவர் சிறிது தேறினர். வினாகிரி பருகியவர் நோயிற் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. மருத்துவ வரலாற்றின் முதல் ஒப்பீட்டுச் சோதனைகளுள் ஒன்று வினாகிரியின் மருத்துவப் பெருமையை மறுத்தே தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. லிண்ட் தமது நூலை 1753இல் வெளியிட்டார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ்சாற்றை முறையாக ஏற்றதோ 1795இல். அறிவு பிறப்பது ஒன்று; அதிகாரம் அதனை ஏற்பது பிறிதொன்று.

4

இனி உற்பத்தியைக் கவனிப்போம். இலங்கையின் மரபான வினாகிரி தென்னங்கள்ளிலிருந்து பெறப்படுவது. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சீனிச்சத்து உண்டு. சில மணி நேரத்தில் மதுவங்கள் அதனைக் கள்ளாக்குகின்றன. கள்ளைக் காற்றோட்டமுள்ள பீப்பாய்களில் விட்டுவைத்தால் பற்றீரியங்கள் மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்குகின்றன. இம்மாற்றம் நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1860களில் நிறுவியவர் லூயி பாஸ்டர். ஒரே மரத்தின் ஒரே சாறு, சுண்ணாம்பு பூசிய முட்டியில் இனிப்பாகவும், பூசாத முட்டியிற் கள்ளாகவும், வடிசாலையிற் சாராயமாகவும், பீப்பாயில் வினாகிரியாகவும் உருவெடுக்கின்றது.

பொருள் நிலையில் ஒன்றாகிய இந்நான்கும் சமூக நிலையில் ஒன்றல்ல. இனிப்புச் சாறு குழந்தைக்கும் உரியது. கள் ஏழையின் குடி. சாராயம் மூலதனத்தின் ஊற்று. வினாகிரி கண்ணியமான வீட்டின் அடுக்களைப் பொருள். அச்சாறு இன்றிக் கொழும்பு வீடுகளின் விருந்து நிறைவடையாது. கள்ளை வாசற்படிக்குள் விடாத குடும்பம், அக்கள்ளே முற்றிப் புளித்த பின்னர் அதனைப் பீங்கானில் வைத்துப் பரிமாறும். மரமேறியவனின் கைபட்ட கள் இழிவாகவும், அவன் கைபட்டதே வினாகிரியாகித் தூய்மையாகவும் கருதப்படும் விந்தையைச் சாதியக் கருத்துநிலையன்றி வேறெதனாலும் விளக்க இயலாது. பாணந்துறையிலிருந்து களுத்துறை வரை மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து சாறு சேர்ப்போரும், வடக்கிற் பனையேறும் சீவல் தொழிலாளரும், தம் உழைப்பின் பயனையும் மதிப்பையும் ஒருங்கே இழந்தவர்கள். ஈழத்து இலக்கியத்தில் கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரை வரலாற்றின் மாந்தராக்கியமை இப்பின்னணியிலேயே பொருள்பெறுகிறது.

இச்சாற்றிலிருந்து செல்வம் எங்கே குவிந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் சாராய விற்பனை உரிமையை ஏலத்திற் குத்தகைக்கு விட்டனர். அக்குத்தகையே உள்நாட்டு முதலாளி வகுப்பின் தொடக்க மூலதனத் திரட்சிக்குப் பேரூற்றாக இருந்தமையைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். குத்தகைப் பணம் தோட்டங்களாகவும் காரீயச் சுரங்கங்களாகவும் கொழும்பு மாளிகைகளாகவும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியாகவும் மாறியது. அவ்வாறு உருவான வகுப்பிலிருந்தே 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்களுக்குத் தலைவர்கள் சிலரும் தோன்றினர் என்பது வரலாற்றின் முரண். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கள் இறக்குதலும் விற்றலும் அரசின் அனுமதிக்கு உட்பட்டன. குத்தகைக்காரன் செல்வனானான், ஏறியவனோ அனுமதிச் சீட்டின்றி ஏறினாற் குற்றவாளியானான்.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. வினாகிரியின் சாரமாகிய அசற்றிக் அமிலத்தைக் கள்ளோ பழமோ இன்றி ஆலையிற் செய்ய முடிந்தது. இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டபோது இறப்பர்ப் பாலை உறையவைக்க அவ்வமிலம் தேவைப்பட்டமையால், அரசு நிறுவிய தொழிற்சாலைகளுள் அசற்றிக் அமிலத் தொழிற்சாலையும் ஒன்றாயிற்று. அவ்வமிலத்தை நீரிற் கரைத்தால் ‘செயற்கை வினாகிரி’ கிடைக்கும். பல மாதம் பீப்பாயில் முதிரவேண்டிய பண்டத்தோடு சில நிமிடத்திற் கலக்கும் பண்டம் விலையிற் போட்டியிட்டது. சிறு உற்பத்தியாளன் நலிந்தான். கொழும்பின் உழைப்பாளி வீட்டுக்கு மலிவான செயற்கை வினாகிரி, மத்தியதர வீட்டுக்குத் தென்னை வினாகிரி, வசதியுடைய வீட்டுக்கு அப்பிள் வினாகிரி எனப் புளிப்பும் வகுப்புவழிப் பிரிந்தது.

5

வெள்ளவத்தை இன்று தமிழ் மத்தியதர வகுப்பின் குடியிருப்பாக அறியப்படினும் அதன் வரலாறு அதனோடு முடிவதன்று. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் வாயிலாகவே, பின்னர் 1935இல் இலங்கைச் சமசமாஜக் கட்சியை அமைத்த இளைஞர் நகரத் தொழிலாளரிடையே காலூன்றினர். கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாலைத் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டே மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூழ்ந்தது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நிவாரணப் பணிக்குச் சென்ற இடதுசாரிகள் கண்ட உண்மை ஒன்றே. நோய் நுளம்பால் வந்தது. சாவோ பட்டினியாலும் வந்தது. கொயினாவோடு அரிசியும் பருப்பும் வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்று அழைத்தனர். அப்பெயரில் ஒரு மருத்துவக் கோட்பாடே அடங்கியுள்ளது: உடல்நலம் என்பது தனிமனிதன் பருகும் ஒரு நீர்மத்தால் அமைவதன்று; அவன் உண்ணும் உணவாலும் பெறும் கூலியாலும் வாழும் இடத்தாலும் அமைவது.

அக்கோட்பாட்டின் நீட்சியாகவே இலவச மருத்துவமனைகளும், 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் தோன்றின. வணிகப் பெயர்களின் பிடியிலிருந்து மருந்தை விடுவித்து, தேவையானவற்றை மட்டும் தெரிந்து, மலிவாக வாங்கி வழங்குவதே அவர் திட்டம். மருந்தின் பயனுக்கும் அதன் சிட்டைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நாடே கற்றுக்கொள்ள முயன்ற காலம் அது. 1977இல் அவர் மறைந்தார்; அதே ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தது. நலம் என்பது குடிமகனின் உரிமை என்னும் நிலையிலிருந்து நுகர்வோன் தெரிந்து வாங்கும் பண்டம் என்னும் நிலைக்குச் சரியத் தொடங்கியது.

அப்பிள் வினாகிரி இந்நாட்டு உள்ளங்களில் இடம்பெற்றது இப்புதிய சூழலிலேயாகும். அதன் நவீனப் புகழுக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்து மருத்துவர் டி. சி. ஜாவிஸ். 1958இல் வெளியான அவரது நாட்டு மருத்துவ நூல் தேனையும் அப்பிள் வினாகிரியையும் பல பிணிகளுக்கும் பரிந்துரைத்தது, பெருமளவில் விற்பனையாயிற்று. தமது நாட்டுழவரின் வழக்கத்தை அவர் எழுதினார். அவ்வழக்கத்தைச் சந்தை போத்தலில் அடைத்தது. 1983இன் பின் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெயர்ந்த உறவுகள் பணத்தோடு வாழ்க்கைமுறை அறிவுரைகளையும் வெள்ளவத்தைக்கு அனுப்பின. வேர்மொன்ற் உழவனின் கைவைத்தியம் காலி வீதிக் கடைத்தட்டில் நாகரிகச் சின்னமாக அமர்ந்தது. தென்னை சூழ்ந்த தீவில் அப்பிளின் புளிப்பு உயர்ந்ததாகத் தோன்றுவதற்கு அமிலத்தின் தன்மை காரணமன்று. இரண்டிலும் செயற்படுவது அசற்றிக் அமிலமே. பண்டங்களுக்கிடையிலான உறவாக மனிதருக்கிடையிலான உறவு தோற்றமளிக்கும் மாயையைக் கார்ல் மாக்ஸ் விளக்கினார். இப்போத்தல் அதற்கு வாய்ப்பான எடுத்துக்காட்டு.

6

ஆயின் வினாகிரியால் பயனே இல்லையா? பொருள்முதல்வாதி இவ்வினாவைக் கருத்துநிலை விமர்சனத்தால் மட்டும் கடந்துவிட முடியாது, சான்றுகளை நோக்கவேண்டும். 2004இல் அமெரிக்காவின் அரிசோனாவிற் செய்யப்பட்ட ஆய்வொன்று, மாச்சத்து மிகுந்த உணவுக்கு முன் வினாகிரி பருகிய சிலரில் இன்சுலினின் செயற்பாடு மேம்பட்டதைக் கண்டது. ஆய்வுக்குட்பட்டோர் 30 பேருக்கும் குறைவு. 2009இல் யப்பானில் 155 பேரிடம் 12 வாரம் நடத்தப்பட்ட ஆய்வில் உடல் நிறை சராசரியாக ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரையே குறைந்தது. அவ்வாய்வை நடத்தியோர் ஒரு பெரும் வினாகிரி உற்பத்தி நிறுவனத்தின் ஆய்வாளர் என்பதையும் உடன் கருதவேண்டும். 2024இல் லெபனானின் இளைஞர் 120 பேரைக் கொண்டு வெளியான ஆய்வு வியத்தகு மெலிவை அறிவித்து உலகெங்கும் செய்தியாயிற்று. அதன் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கன அல்ல எனக் கண்ட ஆய்விதழ் 2025இல் அதனைத் திரும்பப் பெற்றது. செய்தியைக் கேட்டோர் பலர். திரும்பப் பெற்றதைக் கேட்டோர் சிலர்.

தீங்குகளும் பதிவாகியுள்ளன. செறிந்த அமிலம் பற்களின் மிளிரியை அரிக்கும், தொண்டையைப் புண்ணாக்கும். பல ஆண்டுகளாக நாள்தோறும் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் பருகிவந்த பெண்ணொருவரின் குருதியிற் பொற்றாசியம் குறைந்து என்பும் நலிந்தமையை 1998இல் ஒஸ்திரிய மருத்துவர் வெளியிட்டனர். நீரிழிவால் இரைப்பையின் இயக்கம் தளர்ந்தோரில் வினாகிரி அதனை மேலும் தாமதப்படுத்தலாம் எனச் சுவீடன் நாட்டுச் சிற்றாய்வொன்று 2007இற் காட்டியது. எவர் இதனை மிகுதியும் நாடுகின்றனரோ, அந்நீரிழிவு நோயாளரே எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர்கள். சுருங்கக் கூறின், உணவோடு சேரும் அளவான புளிப்பாக வினாகிரி தீங்கற்றது, சிறு பயனும் உடையதாகலாம். மருந்தின் இடத்தில் அமர்த்தினால் ஆபத்தானது.

இது வெறும் அடுக்களைச் சர்ச்சையன்று. 2005–06இல் இலங்கையில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு, நகர்ப்புற வளர்ந்தோரில் நூற்றுக்கு 16 பேருக்கு மேல் நீரிழிவுற்றிருந்ததைக் கண்டது. கிராமப்புறத்தில் அது 9க்கும் குறைவாக இருந்தது. அலுவலகக் கதிரை, நெரிசலான குடியிருப்பு, நடக்க இடமில்லாத வீதி, மாவும் சீனியும் மலிவாகவும் காய்கறி அருமையாகவும் உள்ள சந்தை ஆகியன நகரம் உடலுக்கு விதித்த நிபந்தனைகள். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அரச மருத்துவமனைகளிலேயே மருந்துகள் தட்டுப்பட்டன. அத்தகைய வேளையில் வைத்தியம் கைக்கெட்டாதவர் கைக்கெட்டிய போத்தலை நம்புதல் இயல்பே. அந்நம்பிக்கையைப் பேதைமை என்று பழிப்போர், அதனை உருவாக்கிய இல்லாமையைப் பற்றி வாய்திறப்பதில்லை.

7

இவ்விடத்தில் இரு தவறான தீர்வுகளை விலக்குதல் அவசியம். ஒன்று, மேட்டிமை அறிவுவாதம். இது மக்களின் நம்பிக்கையை எள்ளிவிட்டு, அவர்தம் நிலைமையை அப்படியே விட்டுவிடும். மற்றையது, பழம்பெருமைவாதம். இது ‘அந்நிய அப்பிளை விடுத்து எமது தென்னையைப் பருகுவோம்’ என்று முழங்கும். தென்னை வினாகிரிக்குச் சந்தை கிடைப்பின் நன்றே. ஆயின் மரத்தின் தேசியத்தால் அமிலத்தின் குணம் மாறாது, சீவுவோன் கூலி உயராமல் அதனால் நாட்டுக்கு நலமும் விளையாது. வடக்கில் 1972இற் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்தமையே, கள்ளின் வரலாற்றில் உழைப்போன் தன் பயனைத் தானே கேட்கத் தலைப்பட்ட கட்டமாகும். உள்நாட்டுப் பண்டம் பற்றிய பேச்சு அவ்வழியில் நடக்கும்போதே பொருளுடையதாகும்.

காடியை மூடிக் குடிக்கச் சொன்ன சமுதாயம் வறுமையைத் தனிமனிதனின் வெட்கமாக்கியது. வினாகிரியை அளந்து குடிக்கச் சொல்லும் சந்தை நோயைத் தனிமனிதனின் பொறுப்பாக்குகிறது. இடையில், குறுகியதொரு காலத்தில், பருப்பும் மருந்தும் மருத்துவமனையும் யாவர்க்கும் பொதுவெனக் கேட்ட ஒரு குரலும் இந்நாட்டில் ஒலித்தது. அக்குரலுக்குரியோர் வெள்ளவத்தையின் ஆலைவாயிலில் நின்றவர்கள். அவ்வரலாற்றை மீட்டெடுத்தல் ஆய்வாளரின் கடமையாகும். அதன் கோரிக்கைகளை மீட்டெடுத்தல் மக்களின் கடமையாகும்.